ஒற்றைச் சக்கர விதைப்பான்: விருத்தாசலம், பண்ருட்டி கொல்லைகளில் பல விதைப்புப் பட்டங்களில் ஓட்டிய அனுபவம்

பத்து சென்ட், இருபது சென்ட் கொல்லையில் கம்போ வரகோ போடுகிறவர்களுக்கு டிராக்டர் விதைப்பான் சரிப்படாது, திரும்பவே இடம் போதாது. கைவீச்சில் சீக்கிரம் விதைத்துவிடலாம். ஆனால் மிச்சம் பிடித்ததெல்லாம் களையெடுப்புக் கூலியில் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது கையால் தள்ளும் ஒற்றைச் சக்கர விதைப்பான். ஆடியிலும் புரட்டாசியிலும், செம்மண்ணிலும் கரிசலிலும் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை இவை.

விதைக்கும் நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றம்தான். இதன் அருமை பதினைந்து, இருபதாம் நாள் தெரியும். சால் நேராக இருப்பதால் சக்கரக் களைவெட்டியை நின்றபடியே தள்ளிக்கொண்டு போகலாம். களைக்கொட்டோடு குனிகிற வேலை பயிரின் தூரடியில் மட்டும்தான். அதனால் விதைப்பானையும் களைவெட்டியையும் ஜோடியாகவே கணக்குப் போடுங்கள். கம்புக்கு வரிசை இடைவெளி 45 செ.மீ. என்பதால் 15 செ.மீ. கத்தி போக வரத் தாராளம். தினை, சாமைக்குச் சொல்லும் 25 செ.மீ. இடைவெளியில் அதே கத்திக்கு இருபுறமும் 5 செ.மீ.தான் மிஞ்சும். கை பழகாதவர் தள்ளினால் சால் அதைவிட அதிகமாக வளையும், பயிர் வெட்டுப்படும். முதல் பட்டத்துக்கு 30 செ.மீ. வைத்துக்கொள்வது நல்லது. முதல் சாலுக்கு மட்டுமாவது இரண்டு முளைக்குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். அது கோணினால், அடுத்த சாலுக்குக் கோடு போடும் குறிகோல் அந்தக் கோணலையே கடைசி வரப்பு வரை கொண்டுபோகும்.

விதை அளவெல்லாம் பெட்டிக்குள் சுழலும் தட்டைப் பொறுத்தது. முன்சக்கரத்தின் விட்டம் 30 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 94 செ.மீ. நகரும். சக்கரமும் தட்டும் சேர்ந்து ஒரே சுற்று சுற்றும் அமைப்பில், தட்டில் 6 குழி இருந்தால் 15.7 செ.மீ.க்கு ஒரு தடவை விதை விழும். கம்புக்குச் செடிக்குச் செடி வேண்டியது 15 செ.மீ., ஆக அது போதும். ஏக்கருக்கு 2 கிலோ விதை, 45 செ.மீ. வரிசை என்றால் மொத்தச் சாலின் நீளம் சுமார் 9,000 மீட்டர். பத்து சென்ட்டுக்கு 900 மீட்டர், 200 கிராம். அதாவது 10 மீட்டருக்கு 2.2 கிராம்; ஏறக்குறைய இருநூறு விதை, குத்துக்கு மூன்று. கொல்லையில் இறங்கும் முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து 11 சுற்று (அதாவது சுமார் 10 மீட்டர்) சுற்றி, விழுவதைக் காகிதத்தில் பிடித்து எண்ணிவிடுங்கள். முந்நூறு விழுந்தால் குழி பெரிது, அல்லது மேலே வழித்துவிடும் தூரிகை தேய்ந்துவிட்டது. நூறுதான் விழுந்தது என்றால் குழி அடைத்திருக்கிறது. புழுதியில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும் என்பதால் கொல்லையில் விழுவது இதைவிடச் சற்றுக் குறையும்.

குழி அடைப்பதற்குப் பெரும்பாலும் ஈர விதைதான் காரணம். கதிரில் வரும் தேன் ஒழுகல் என்ற பூஞ்சை நோய்க்காகக் கம்பு விதையை உப்புக் கரைசலில், 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ உப்பு என்று போட்டு, மிதப்பதை அள்ளி எறிவோம். அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நிழலில் கையில் ஒட்டாமல் உதிரும்வரை உலர்த்த வேண்டும். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தைக் கஞ்சியில் கலந்து பூசினாலும் இதே கதைதான். அவசரப்பட்டுப் பெட்டியில் கொட்டினால் நாலு சால் தாண்டுவதற்குள் தட்டு வெறுமனே சுற்றும், தள்ளுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு சால் முனையிலும் பெட்டியைத் திறந்து விதை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சாமை, கேழ்வரகு மாதிரிப் பொடி விதையோடு மணல் கலந்து போடுவது கைவீச்சுக்குச் சரி, இங்கே கூடாது. மணல் தட்டை அரித்துவிடும். கனமாக இருப்பதால் முதலில் அதுவே அடியில் இறங்கி, கடைசிச் சால்களில் விதை குவியும். அதே தானியத்தின் பழைய விதையை முளைக்காதபடி வறுத்து, ஆறவைத்து, ஒன்றுக்கு ஒன்று கலந்தால் சீராக விழும். கேழ்வரகுக்கு நாங்கள் விதைப்பானைச் சிபாரிசு செய்வதில்லை. தண்ணீர் வசதி இருந்தால் நாற்றுவிட்டு நடுவதே மேல். மக்காச்சோளத்துக்கு இது அருமையாக ஓடும். ஆனால் வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் பத்து சென்ட்டில் சுமார் 2,700 குத்துதான். அதற்குக் கயிறும் கூர்க்குச்சியும் போதும்.

மண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கட்டி உடையாத புழுதியில் சால் கிழிக்கும் கொழு குதிக்கும், விதை மேலேயே கிடக்கும், எறும்பும் மயிலும் பொறுக்கிவிடும். விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்துக் கரிசலில் ஈரம் கொஞ்சம் கூடினாலே கொழுவிலும் சக்கரத்திலும் மண் அப்பிக்கொள்ளும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் இறங்கலாம், உருண்டையாகவே கிடந்தால் இன்னொரு நாள் காயட்டும். பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துச் செம்மண்ணில் பிரச்சினை வேறு. விதைத்தபின் ஒரு கனமழையும் பின்னாலேயே வெயிலும் வந்தால் மேலே பொருக்குக் கட்டிவிடும். கம்பு மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். இரண்டு, மூன்றாம் நாளே லேசான முள்கிளையைச் சால் மேல் இழுத்துப் பொருக்கை உடைக்க வேண்டும். முளை தலைகாட்டிய பிறகு இழுத்தால் ஒடிந்துவிடும். இந்த மண்ணில் விதைப்பானின் பின்னால் மண்ணை அழுத்தும் சிறு சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மூடும் சங்கிலியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஆழம் 2 முதல் 3 செ.மீ. தாண்டக் கூடாது.

பாகூர், காட்டுமன்னார்கோவில் போன்ற சேற்று நெல் வயலுக்கு இது உதவாது. அங்கே முளைகட்டிய நெல்லைத் துளை வழியாக விடும், இழுத்துச் செல்லும் டிரம் விதைப்பான்தான். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும், நீண்டால் துளையில் சிக்கும். டிரம்மை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

முதலில் தேய்வது தூரிகை, அடுத்து பிளாஸ்டிக் தட்டின் குழி விளிம்பு. வாங்கும்போதே இரண்டுக்கும் உதிரி கிடைக்குமா என்று கேட்டு, கம்புத் தட்டில் ஒன்று கூடுதலாக வாங்கிவிடுங்கள். கடலோரக் காற்றில் போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். பட்டம் முடிந்ததும் மண்ணைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள். பெட்டியில் ஒரு விதைகூட மிச்சம் இல்லாமல் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் கொட்டகையில் மாட்ட வேண்டும். விதை இருந்தால் எலி பெட்டியையே கடித்து ஓட்டை போட்டுவிடும்.