ஃபிரேசர் டவுனில் ஓர் எபிரெய வகுப்பு: 30 சனிக்கிழமைகளுக்குப் பிறகு

பெங்களூரு சிவாஜி நகரில் ஓர் அச்சகத்தில் 26 வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி அட்டை, சபை ஆண்டு மலர், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். வேதாகமத்தைச் சிறு வயதிலிருந்தே வாசித்து வருகிறேன். அதில் பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தை ஒரு முறையாவது என் கண்ணால் வாசித்துவிட வேண்டும் என்ற ஆசையும் அதே அளவு பழையது. போன வருடம் எங்கள் சபை அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டறிக்கை பார்த்தேன்: வேதாகம எபிரெயம், சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை, தமிழில் விளக்கம். வகுப்புக்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை. நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கம் இறையியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஐயா என்றுதான் அழைக்கிறோம்.

30 வாரத்துக்குக் கட்டணம் 6,000 ரூபாய், இரண்டு தவணை. 11 பேராகத் தொடங்கினோம். வினைச்சொல் அட்டவணைகள் வந்த மூன்றாம் மாதத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள்.

இதற்கு முன் கைபேசி வழியாக வேறொரு வகுப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே ஒவ்வோர் எழுத்தும் ஒரு படம், மாட்டுத் தலை, வீடு, கை என்று சொல்லி, அந்தப் படங்களைக் கோத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மறைபொருள் தருவார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் மூன்று வாரம் கழித்தும் என்னால் ஒரு வசனத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. அதனால் விலகினேன். ஐயா முதல் நாளே சொல்லிவிட்டார்: "எழுத்தின் வடிவத்தில் தேடாதீர்கள். அந்தச் சொல் வேறு எங்கே வருகிறது என்று தேடுங்கள்." இந்த ஒரு வார்த்தைக்கே நான் கட்டிய பணம் தகும்.

தமிழில் புள்ளி வைத்தால் உயிர் நீங்கி மெய் நிற்கும். எபிரெயத்தில் 22 மெய்யெழுத்துகள் வெறுமனே நிற்கின்றன. கீழும் மேலும் இடுகிற புள்ளியும் கோடும்தான் அவற்றுக்கு உயிர் கொடுக்கின்றன. அந்தக் குறிகளை இட்டவர்கள் கலிலேயாக் கடலோரத் திபேரியாவில் இருந்த மசோரேத்தியர்கள் என்ற யூத அறிஞர்கள். ஒரு சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணி ஓரத்தில் குறித்து வைத்தவர்களும் அவர்களே. கி.பி. 1008ஐ ஒட்டி எழுதி முடிக்கப்பட்ட லெனின்கிராட் சுவடி என்ற எபிரெய வேதாகமக் கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கத்தை ஐயா படமாகக் காட்டினார். ஓரமெல்லாம் பொடி எழுத்துக் குறிப்புகள். என் தொழிலை ஆயிரம் வருடத்துக்கு முன்பே இவ்வளவு பயபக்தியோடு செய்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கியது.

அன்றைக்கே இன்னொன்றும் காட்டினார். தாலேத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் வேறுபாடு வலது மூலையில் ஒரு சிறு முனைதான். "கர்த்தர் ஒருவரே" என்ற உபாகமம் 6:4இல் "எஹாத்" (ஒருவர்) என்ற சொல் தாலேத்தில் முடிகிறது. அந்த முனை மழுங்கினால் அது "அஹேர்", அதாவது வேறொருவர், என்று வாசிக்க இடம் கொடுத்துவிடும். யாத்திராகமம் 34:14இல் "அந்நிய தேவன்" என்னும் இடத்தில் வருவது அந்த "அஹேர்"தான். அதனால் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், எழுதப்படும் சுருள்களில் முதல் இடத்துத் தாலேத்தையும் இரண்டாம் இடத்து ரேஷையும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதுவது மரபு.

இங்கே என் குறையைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த நகல் தாள்கள் மிக மங்கல். அந்த முனையும் தெரியவில்லை, புள்ளிகளில் பாதியும் தெரியவில்லை. வயதானவர்கள் இருவர் நின்றதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம். இந்த மொழியைக் கற்பிக்கும் இடத்தில் அச்சு மங்கலாக இருக்கவே கூடாது.

தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. "கடல்" என்பதில் ஒரு க, "அகம்" என்பதில் ஒலி தளர்ந்த வேறொரு க, எழுத்து ஒன்றுதான். எபிரெயத்தின் பேத் முதலிய சில எழுத்துகளும் உயிருக்குப் பின்னால் இப்படியே தளர்கின்றன. இதை ஐயா சொன்னபோது ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. அயின் என்ற தொண்டை ஒலிதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களின் பெயர் "துக்கீயிம்". அது நம் "தோகை"யிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதினார். எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை என்பதையும் ஐயா மறைக்காமல் சொன்னார்.

ஆதியாகமம் 1:2இல் தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் "அசைவாடிக்கொண்டிருந்தார்" என்று வாசித்தே வளர்ந்தேன். காற்று அசைவதுபோல என்று நினைத்திருந்தேன். அதே எபிரெய வினை உபாகமம் 32:11இல் கழுகு தன் குஞ்சுகளின்மேல் சிறகடித்து நிற்பதைச் சொல்கிறது. வீட்டுக்கு வந்து என் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தேன். அங்கேயும் "தன் குஞ்சுகளின்மேல் அசைவாடி" என்றே இருக்கிறது! நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கண்டு, காத்துக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்காமல் போனது நான்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி வாய்க்கவில்லை. கடைசிப் பத்து வாரம் வேதாகமத்தின் ரூத் நூலை வாசித்தோம். வயல்காரனான போவாஸ், அங்கே கதிர் பொறுக்க வந்த ரூத் என்ற விதவையிடம், கர்த்தருடைய "செட்டைகளின்கீழ்" அடைக்கலமாய் வந்தாய் என்று வாழ்த்துகிறான் (2:12). பிறகு ஓர் இரவில், போரடிக்கும் களத்தில், தன்னை மணந்துகொள்ளக் கேட்டு ரூத் அவனிடம், உம்முடைய "போர்வையை" என்மேல் விரியும் என்கிறாள் (3:9). தமிழில் இரண்டு சொல். எபிரெயத்தில் இரண்டுமே "கானாஃப்". சிறகுக்கும் ஆடையின் ஓரத்துக்கும் ஒரே சொல். அவன் வாழ்த்திய சொல்லையே எடுத்து அவனிடம் திருப்பிக் கொடுக்கிறாள்: கர்த்தரின் சிறகு என்றீரே, அந்தச் சிறகாக நீரே இரும் என்று. அன்று அகராதியை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாரத்துக்கு ஆறு மணி நேரமாவது வீட்டில் உட்கார முடியாதவர்கள் பணம் கட்ட வேண்டாம். முடிந்தவர்கள் தயங்காமல் சேருங்கள். ஆங்கிலம் அதிகம் தெரியாவிட்டாலும் தடை இல்லை. ஹென்னூர் பக்கமிருந்து வருபவர்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள். அடுத்த சுற்றில் யோனா. அதற்கான தாள்களை எங்கள் அச்சகத்திலேயே, பெரிய எழுத்தில், புள்ளி தெளிவாகத் தெரியும்படி அடித்துத் தருவதாக ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். மெய்ப்பும் நானே பார்க்கிறேன்.