தொட்டுபொல பெரிதா, ரிட்டிகல பெரிதா?

போன வாரம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பேசின் இருந்தது. அதற்குள் மகள் பாடசாலைக்காகக் களிமண்ணில் செய்த இலங்கை. மலைகளை எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான் அவளுடைய கேள்வி.

வழக்கமான வரிசை, கடல் மட்டத்திலிருந்து அளக்கும் உயரம். பிதுருதலாகல 2,524 மீட்டர், கிரிகல்பொத்த 2,388, தொட்டுபொல 2,357. சிவனொளிபாதமலை 2,243தான். ஒரே எண், சண்டை இல்லை.

இன்னொரு வழி புடைப்பு. அதை விளக்கத்தான் பேசினில் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் ஏற ஏற ஒரு சிகரம், தன்னைவிட உயர்ந்த எதனோடும் ஒட்டாமல் தனித் தீவாகப் பிரியும். பிரியும் அந்தக் கணத்தில், நீர்மட்டத்திலிருந்து உச்சிவரை எவ்வளவு? அதுதான் அந்த மலையின் புடைப்பு. பிதுருதலாகலவை விட உயர்ந்தது இந்தத் தீவில் இல்லை. அதனால் அதற்கு இரண்டு கணக்கிலும் 2,524தான்.

இரண்டு கோப்பை தண்ணீரிலேயே ரிட்டிகல தனியாகிவிட்டது. அனுராதபுரப் பக்கத்துச் சமவெளியில் தன்னந்தனியே நிற்கும் மலை அது. உயரம் 766 மீட்டர்தான், ஆனால் சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் எழுகிறது. தொட்டுபொலவோ கடைசிவரை கிரிகல்பொத்தவோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. இரண்டும் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் நிற்பவை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அந்தச் சமவெளியைவிட்டு இறங்கவே வேண்டாம். ஒருவழியாகப் பிரிந்தபோது மிஞ்சியது நகத்தளவு களிமண். நிஜத்தில் சுமார் 250 மீட்டர். உயரத்தில் நாட்டின் மூன்றாவது மலை, புடைப்பில் ரிட்டிகலவின் பாதிகூட இல்லை!

நக்கிள்ஸ் தொடரின் கொம்பனியவையும் பாருங்கள். 1,906 மீட்டர், 2,000ஐத் தொடவில்லை. ஆனால் மத்திய மலைத்திரளுக்கும் அதற்கும் நடுவில் மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. கண்டிப் பக்கத்தில் நிலம் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் என்ற உயரத்துக்கே இறங்கிவிடுவதால், அதன் புடைப்பு ஆயிரத்தைத் தாராளமாகத் தாண்டும். உயர வரிசை அதைப் பின்னால் தள்ளிவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, புடைப்பில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. ஒரு மலையிலிருந்து அதைவிட உயர்ந்த மலைக்கு, முடிந்தவரை இறங்காமல் போகும் வழியில் நிலம் மிகத் தாழும் அந்த ஒரு புள்ளியைத் தேட வேண்டும். ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைக்கும் சமவுயரக்கோட்டுப் படத்தில் பென்சிலோடு உட்கார்ந்தால் ஒரு மலைக்கே அரை நாள் போய்விடும்.

தேயிலைக்கு உயரம்தான் கணக்கு. 600 மீட்டர் வரை தாழ்நிலம், 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம் என்று பிரிப்பது தேயிலைக்காரர்களின் வழக்கம். குளிரும் பனியும் புடைப்பைப் பார்த்து வருவதில்லை. ஆனால் எது தனி மலை, எது இன்னொன்றின் தோள் என்று கேட்டால் நான் புடைப்பின் பக்கம்தான்.

மகள் இரண்டு நிரல் போட்டு, புடைப்பின்படியே வரிசைப்படுத்தினாள். தொட்டுபொல ரிட்டிகலவுக்குக் கீழே போனது. டீச்சர் ஏன் என்று கேட்டால் காட்டுவதற்காக, களிமண் இலங்கையோடு பேசினையும் கொண்டு போகிறாள்.