ஆம்ஸ்டர்டாமா, மயாமியா, இபிஸாவா: டான்ஸ் மியூசிக் கான்ஃபரன்ஸுக்கு முதல் தடவை போறவங்க எதுல காசு போடணும்

ட்ராக் (பாட்டு) உருவாக்குறவங்க, டிஜே, சின்னதா லேபிள் (பாட்டு வெளியிடற கம்பெனி) ஆரம்பிச்சவங்க, ஈவென்ட் நடத்துறவங்க, யாரா இருந்தாலும் இதைத் தொழிலா எடுத்துக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்ச உடனே இந்த மூணு ஊர் பேரும் காதுல விழும். மார்ச்சுல மயாமி, ஏப்ரல் கடைசியில இபிஸா, அக்டோபர்ல ஆம்ஸ்டர்டாம். மூணுக்கும் போற அளவுக்கு காசும் லீவும் பெரும்பாலானவங்களுக்கு கிடையாது, ஒண்ணைத்தான் எடுக்க முடியும். என் பதிலை இப்பவே சொல்லிடறேன்: முதல் தடவைனா ஆம்ஸ்டர்டாம். காரணம் அங்க பெரிய பேருங்க வர்றதோ பார்ட்டி அதிகமா இருக்கிறதோ இல்ல, பகல்ல நடக்கிற கான்ஃபரன்ஸும் ராத்திரி நடக்கிற பார்ட்டியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிறது அங்க மட்டும்தான். மத்த ரெண்டு ஊர்லயும் ஏதாவது ஒண்ணு இன்னொண்ண முழுங்கிடுது.

இதை நான் ஏன் அளவுகோலா வைக்கிறேன்னா, இந்த மாதிரி கான்ஃபரன்ஸுல பேனல் கேக்கறது ரெண்டாம்பட்சம்தான். முக்கியமான பேச்சுகள்ல நிறைய பின்னாடி யூடியூப்லயே வந்துடும், வீட்ல உக்காந்து பாக்கலாம். நேர்ல போனா மட்டும் கிடைக்கிறது ஆளுங்கதான். பகல்ல ஒரு லேபிள்காரர்கிட்ட பத்து நிமிஷம் பேசினீங்கன்னா, அன்னிக்கு ராத்திரி அதே ஆள் நடத்துற பார்ட்டிக்கு நீங்க நடந்தே போய் முன்னாடி நின்னு அவங்க எந்த மாதிரி சவுண்டை தேடறாங்கன்னு காதால கேக்கணும், மறுநாள் திரும்ப பாக்கும்போது "நேத்து ரெண்டு மணிக்கு மேல போட்டீங்களே அந்த ட்ராக்"னு பேச்சை ஆரம்பிக்கணும். அப்பதான் உங்க முகம் அவங்க மனசுல நிக்கும். அது நடக்க எந்த ஊர் வாகா இருக்குங்கிறதுதான் கேள்வி.

மயாமியைப் பத்தி முதல்ல பேசணும், ஏன்னா மூணுல மூத்தது அதுதான். விண்டர் மியூசிக் கான்ஃபரன்ஸை 1985-ல லூயிஸ் பொசென்டியும் பில் கெல்லியும் ஃபோர்ட் லாடர்டேல்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம்தான் மயாமி பீச்சுக்கு வந்துச்சு. வினைல் ஓடுன காலத்துல அதோட மதிப்பே வேற. லேபிள்காரங்க வெளிவராத ட்ராக்கை ப்ரொமோ பிரதியா எடுத்துட்டு வந்து டிஜேங்க கையில நேரா குடுப்பாங்க, அந்த வாரம் எது நிறைய செட்டுல (டிஜே தொடர்ச்சியா போடற பாட்டு வரிசை) ஒலிச்சுதோ அதுதான் வர்ற சம்மருக்கு ஹிட்டுன்னு தெரிஞ்சிடும், பல லேபிள் மார்ச் மாசம் வந்தாலே தங்களோட புது ட்ராக்குகளைத் தொகுத்து மயாமி சாம்ப்ளர்னு ஒரு ரெக்கார்டே போடும். அப்போ அங்க போகாம இருந்தா தொழில்ல இல்லைன்னு அர்த்தம். ஆனா ட்ராக்கை இன்டர்நெட்ல ஒரு நொடியில அனுப்பலாம்னு ஆனதும் அந்த கான்ஃபரன்ஸோட உயிரே அங்கிருந்து நகர ஆரம்பிச்சுடுச்சு. 1999-ல பீச்சுல ஆரம்பிச்ச அல்ட்ரா ஃபெஸ்டிவல் வருஷா வருஷம் பெருசாச்சு, ஹோட்டல் நீச்சல் குளத்து பார்ட்டிக்கு போக கான்ஃபரன்ஸ் பாஸே தேவையில்லைங்கிற நிலைமை வந்துச்சு. 2011-ல கான்ஃபரன்ஸும் அல்ட்ராவும் தனித்தனி தேதிக்கு பிரிஞ்சது, கான்ஃபரன்ஸ் மார்ச் 8-லேர்ந்து 12 வரைக்கும், அல்ட்ரா 25-லேர்ந்து 27 வரைக்கும், அப்போ ஆளுங்க எந்தப் பக்கம் போனாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. கடைசியில 2018-ல அல்ட்ராவே கான்ஃபரன்ஸை வாங்கிடுச்சு.

அதனால இன்னிக்கு மயாமிக்கு போறேன்னா அது மயாமி மியூசிக் வீக்குக்கு போறதுதான், அதாவது பார்ட்டி வாரம். பார்ட்டியா மட்டும் பாத்தா எனக்கு மூணுல ரொம்ப பிடிச்சது மயாமிதான்னு கூட சொல்லுவேன். வெயில்ல நீச்சல் குளம் பக்கத்துல நாலு மணிக்கு கேக்குற ஹவுஸ் மியூசிக்குக்கு உடம்பு தானா ஆடும், டவுன்டவுன்ல கிளப் ஸ்பேஸ் டெரஸ்ல சூரியன் உதிக்கிற நேரத்துக்கு உள்ள போய் மத்தியானம் வரைக்கும் ஆடறவங்க இருக்காங்க, அந்த வெளிச்சத்துல டான்ஸ் ஃப்ளோரைப் பாக்குற சுகம் வேற எங்கயும் கிடைக்காது. ஆனா தொழில் பேச வந்த புதுசு ஆளுக்கு ஊரோட அமைப்பு எதிரா வேலை செய்யுது. மயாமி பீச் ஒரு தீவு, டவுன்டவுனும் வின்வுட்டும் தண்ணிக்கு அந்தப்பக்கம், நடுவுல நீளமான பாலங்க, ஒரு பார்ட்டியிலேர்ந்து இன்னொண்ணுக்கு போகணும்னா கார் புக் பண்ணி டிராஃபிக்ல உக்காரணும், காசும் போகும் அந்த நேரத்துல பாக்க வேண்டிய ஆளும் போயிடுவாரு. மார்ச்சுங்கிறதால காலேஜ் பசங்க ஸ்ப்ரிங் பிரேக் கூட்டமும் சேர்ந்துக்கும், ஹோட்டல் வாடகை எகிறிடும்.

இன்னொரு விஷயம், சின்ன வயசு ப்ரொட்யூசருங்க இதை கட்டாயம் கவனிக்கணும்: அமெரிக்காவுல குடிக்கிற வயசு 21, அதனால பல கிளப் 21-க்கு கீழ இருக்கிறவங்களை உள்ளயே விடாது. அல்ட்ரா 18 வயசுக்கு விடும், ஆனா நீங்க ஆளுங்களை சந்திக்க வேண்டிய சின்ன பார்ட்டிங்கதான் அடைச்சிருக்கும். நெதர்லாந்துல பொதுவா 18 போதும். 19 வயசுல நல்ல ட்ராக் வெச்சிருக்கிற ஒருத்தர் மயாமி போய் கதவுக்கு வெளிய நிக்கிறதை நினைச்சாலே எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

இபிஸா கதை நேர் எதிர். இன்டர்நேஷனல் மியூசிக் சம்மிட்டோட முதல் எடிஷன் 2008-ல நடந்துச்சு, நடத்துறவங்கள்ல ரொம்ப தெரிஞ்ச முகம் பிபிசி ரேடியோ 1-ன் பீட் டாங். மூணு நாள்தான், வேணும்னே சின்னதா வெச்சிருக்காங்க, ஹோட்டலுக்குள்ளயே பெரும்பாலானது முடிஞ்சிடும். முதல்ல மே மாசம் நடந்தது, சமீப வருஷங்கள்ல ஏப்ரல் கடைசிக்கு மாத்தினாங்க, அது கிளப்புங்க சீசனுக்கு கதவு திறக்கிற நேரம். வருஷா வருஷம் அங்க வெளியிடற பிசினஸ் ரிப்போர்ட்டைத்தான் உலகம் முழுக்க பத்திரிகைகள் எடுத்துப் போடும். எலக்ட்ரானிக் மியூசிக் தொழிலோட மொத்த மதிப்பு 2023-ல 1,180 கோடி டாலர்னு அதுலதான் சொன்னாங்க. அந்த மாதிரி நம்பர் யாருக்கு வேணும்னு யோசிச்சுப் பாருங்க, ஏஜென்சி நடத்துறவங்க, முதலீடு பண்றவங்க, கிளப் வெச்சிருக்கிறவங்க. ரூம்ல இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் வருஷக்கணக்கா தெரிஞ்சவங்க. உங்ககிட்ட ஏற்கனவே ஒரு ரோஸ்டரோ (நீங்க கவனிச்சுக்கிற கலைஞர்கள்), வருமானம் வர்ற லேபிளோ இருந்தா இபிஸா தங்கம், மூணு நாள்ல பேசி முடிக்கிற விஷயத்தை ஆம்ஸ்டர்டாம் கூட்டத்துல உங்களால முடிக்க முடியாது. ஆனா டெமோ (லேபிளுக்கு போட்டுக் காட்டுற ட்ராக்) மட்டும் கையில வெச்சிருக்கிற ஆளுக்கு அங்க பேச்சு தொடங்கவே இடம் கிடைக்காம போகலாம்.

பார்ட்டி பக்கம், இபிஸா இபிஸாதான். பாச்சா கிளப் 1973-லேர்ந்து இருக்கு, அம்னீசியா, டிசி-10, உஷுவாயா, 2017-ல பழைய ஸ்பேஸ் கிளப் (மயாமி ஸ்பேஸ் வேற) இருந்த இடத்துல வந்த ஹை, எல்லாம் ஒரே தீவுல. யுனெஸ்கோ பாரம்பரிய சின்னமான டால்ட் வில்லா கோட்டை மேல சம்மிட்டோட பார்ட்டி நடந்த வருஷங்களும் உண்டு, கல்லுச் சுவர் மேல நின்னு கடலைப் பாத்து ஆடின அந்த செட்டு வீடியோக்களை தேடிப் பாருங்க. கஷ்டம் என்னன்னா தீவு கிளப்புங்க ஒண்ணுக்கொண்ணு தூரம், டாக்ஸி வேணும், உள்ள தண்ணி பாட்டிலுக்கே யோசிச்சு காசு எடுக்கணும். பட்ஜெட் இறுக்கமா இருக்கிறவங்களுக்கு மூணு நாளே நீளமா தெரியும்.

இப்ப ஆம்ஸ்டர்டாம். ஆம்ஸ்டர்டாம் டான்ஸ் ஈவென்ட், எல்லாரும் ஏடிஇ-னுதான் சொல்லுவாங்க, 1996-ல ஆரம்பிச்சது. இசை உரிமைத் தொகை வசூலிக்கிற பூமா அமைப்புதான் இதுக்கு பின்னாடி இருக்கு, அதனாலயே ராயல்டி, பப்ளிஷிங், காப்பிரைட் பத்தின பேச்சு இங்க ஆழமா இருக்கும். அஞ்சு நாள், ஊர் முழுக்க ஆயிரத்துக்கும் மேல ஈவென்ட், சுமார் 200 இடம். நம்பரைக் கேட்டு மிரளாதீங்க, ஊர் சின்னது. கான்ஃபரன்ஸோட வீடா பல வருஷம் இருக்கிற ஃபீலிக்ஸ் மெரிட்டிஸ் 1788-ல கட்டின கட்டடம், கைசர்ஸ்க்ராக்ட் கால்வாய் ஓரம். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தா லைட்ஸெப்ளைன், அங்கதான் பழைய சர்ச்சுக்குள்ள இருக்கிற பாரடிசோவும் கூப்பிடு தூரத்துல மெல்க்வெக்கும். பகல்ல பாத்த ஆளை ராத்திரி பாக்கணும்னு மேல சொன்னேனே, அது இங்க தானா நடக்கும். டெக்னோ பிடிச்சவங்களுக்கு வெஸ்டர்கஸ்ல கஸ்ஹவ்டர் இருக்கு, வட்டமான பழைய கேஸ் தொட்டி, 1997-லேர்ந்து அவேக்கனிங்ஸ்ங்கிற டெக்னோ பார்ட்டி நடக்கிற இடம். பெரிய மேடை வேணும்கிறவங்களுக்கு யோஹன் க்ரைஃப் அரீனா ஸ்டேடியத்துல ஏஎம்எஃப் (ஆம்ஸ்டர்டாம் மியூசிக் ஃபெஸ்டிவல்). வடக்குப் பக்கம் போக சென்ட்ரல் ஸ்டேஷன் பின்னாடி ஃபெரி ஓடும், ராத்திரி முழுக்க, இலவசம்.

புதுசா வர்றவங்களுக்குன்னே இங்க ஏற்பாடு இருக்குங்கிறதுதான் எனக்கு இதுமேல இருக்கிற பிரியத்துக்கு காரணம். டெமோலிஷன்னு ஒரு செஷன் நடத்துவாங்க, நீங்க இன்னும் முடிக்காத ட்ராக்கை டிஜேங்களும் லேபிள்காரங்களும் எல்லார் முன்னாடியும் போட்டுக் கேட்டு கருத்து சொல்லுவாங்க. இளைஞர்களுக்குன்னு ஏடிஇ லேப் நடந்திருக்கு. ரஷ் ஹவர் மாதிரி ரெக்கார்ட் கடைகள்ல பகல்ல ஃப்ரீயாவே செட் நடக்கும், ராத்திரி டிக்கெட் வாங்க முடியாத அதே டிஜேவை அங்க ரெண்டடி தூரத்துல நின்னு கேக்கலாம், பேசவும் செய்யலாம்.

குறை இல்லாம இல்ல. கான்ஃபரன்ஸுக்கான ப்ரோ பாஸ் விலை குறைவு கிடையாது, அது வெச்சிருந்தாலும் பார்ட்டிக்குள்ள போறது இடம் இருக்கிற வரைக்கும்தான், பெரிய ஈவென்டுக்கு தனி டிக்கெட் எடுத்துடுங்க, பாஸை நம்பி வாசல்ல நிக்காதீங்க. ஹோட்டலுக்கு ஊர் வரியே ரூம் வாடகையில 12.5 சதவீதம், 2024-லேர்ந்து. வெளியூர்ல தங்கினா மிச்சம் பிடிக்கலாம், ஆனா ஹார்லெம் மாதிரி ஊரை எடுக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி எப்படி திரும்புவீங்கன்னு பாத்துக்குங்க, ராத்திரி ரயில் ஸ்கிப்ஹோல், லைடன், உட்ரெக்ட் பக்கம்தான் ஓடும், ட்ராம் நள்ளிரவு தாண்டினதும் நின்னுடும். அக்டோபர் மழை வேற.

பாஸ் வாங்காம பார்ட்டிக்கு மட்டும் போலாமான்னு கேக்கறவங்களுக்கு: மயாமியில தாராளமா போலாம். இபிஸாவுல பாஸ் இல்லாம ஏப்ரல்ல போறதுக்கு பதிலா ஜூலையில போய் சீசனை அனுபவிங்க. ஆம்ஸ்டர்டாம்ல முதல் வருஷம் பாஸ் எடுங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா எடுத்தா செப்டம்பர்லயே வேலையை ஆரம்பிக்கணும். டெலிகேட் லிஸ்ட்ல (கான்ஃபரன்ஸுக்கு வர்றவங்க பட்டியல்) தேடி, நாலு வரியில மெயில் அனுப்பி, இருபது நிமிஷம் சந்திக்க நேரம் கேளுங்க. அந்த வாரம் வந்து இறங்கினப்புறம் கேட்டா யாருக்கும் நேரம் இருக்காது. டெமோவை பென் டிரைவ்ல திணிக்காதீங்க, பிரைவேட் லிங்க் ஒண்ணு போதும், மூணு ட்ராக்குக்கு மேல வேண்டாம். ராத்திரிக்கு காதுக்கு நல்ல இயர்ப்ளக், இதுல விட்டுக்குடுக்கவே கூடாது, 100 டெசிபல்ல பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு நிறுவனம் சொல்லுது, கிளப்புல ஒரு செட்டே ரெண்டு மணி நேரம்.

பார்சிலோனா சோனார்+டி, பிரைட்டன் மியூசிக் கான்ஃபரன்ஸ் பத்தியும் கேப்பீங்க. முன்னது கலையும் டெக்னாலஜியும் கலக்குற ஆளுங்களுக்கு ரொம்ப நல்லது, பின்னது சின்ன கூட்டம், ப்ரொடக்‌ஷன் கத்துக்க வசதி. இந்த மூணுக்கு மாத்தா ரெண்டையும் நான் வைக்க மாட்டேன்.

விசா வேணும்கிற பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்களுக்கு கணக்கு இன்னும் கொஞ்சம் ஆம்ஸ்டர்டாம் பக்கம் சாயும். நெதர்லாந்தும் ஸ்பெயினும் ஒரே ஷெங்கன் விசாவுல அடங்கும், பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அமெரிக்காவுக்கு இன்டர்வியூ தேதி கிடைக்கிறதே பல இடங்கள்ல மாசக்கணக்காகும். அங்க விசிட்டர் விசாவுல போய் காசு வாங்கிட்டு செட் போடறது கூடவே கூடாது, யாராவது கடைசி நேரத்துல ஸ்லாட் இருக்குன்னு ஆசை காட்டினாலும் வேண்டாம்னுடுங்க, அடுத்த தடவை விசாவே கிடைக்காம போகலாம். ஐரோப்பாவுலயும் சம்பளத்துக்கு வாசிக்கிறதுன்னா விதி வேற, கூப்பிடற ப்ரொமோட்டர்கிட்ட பேப்பரை முதல்ல கேட்டு வாங்குங்க.