ஆறடித் தொட்டிக்கு சம்ப் ஃபில்டர்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

என் மீன் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப்படி 680 லிட்டர். மணல், மரக்கட்டை, மேலே விட்ட இடம் எல்லாம் போக 600 லிட்டர் போல நிற்கும். உள்ளே இரண்டு ஆஸ்கர், ஒரு சில்வர் டாலர் கூட்டம், பெரிய ப்ளெக்கோ ஒன்று. நன்றாகச் சாப்பிட்டு, அதைவிட நன்றாக அசிங்கம் பண்ணும் மீன்கள். முதலில் இரண்டு கேனிஸ்டர் ஃபில்டரில் (ஹோஸ் மாட்டிய மூடிய டப்பா) ஓட்டினேன், அப்புறம் தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது ஃபில்டர் அறைகள் கொண்ட இன்னொரு தொட்டி, வைத்து சில வருடங்களாக ஓட்டிவருகிறேன்.

பெரிய தொட்டி போட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, "பயோ மீடியா எவ்வளவு போடணும்?" என்றுதான் (பயோ மீடியா என்றால் நல்ல பாக்டீரியா ஒட்டி வளரும் பொருள்). நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. அழுக்கைப் பிடிக்கும் ஸ்பாஞ்சை எவ்வளவு சுலபமாக வெளியே எடுக்க முடியும்? ஃபில்டர் வடிவமைப்பில் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

கேனிஸ்டரை மட்டம் தட்ட மாட்டேன். சத்தமில்லை, இடம் அடைக்காது. ஆனால் அதைத் திறப்பது ஒரு வேலை. வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, வாளியில் இறக்கி, திரும்ப மூடும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து... அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றும். அதுவரை கழிவு உள்ளேயே மக்கிக்கொண்டிருக்கும். கண்ணில் படவில்லையே தவிர, அது தண்ணீரில்தான் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் திரும்பத் திரும்பப் போய்வருகிறது.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பும் நிறைய ஆக்ஸிஜனும் வேண்டும். சேறு படிந்தால் இரண்டுமே போய்விடும். நுண்துளைகள் அடைபடும். கழிவை மக்கவைக்கும் வேறு பாக்டீரியாக்கள் அந்த ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அதனால்தான் சேறு பூசிய உயர்ரக செராமிக் வளையத்தைவிட, சுத்தமாக இருக்கும் சாதாரண ஸ்பாஞ்ச் நன்றாக வேலை செய்கிறது. என் சம்பில் முதல் அறையில் மெல்லிய ஸ்பாஞ்ச் தட்டுகள், அடுத்ததில் பெரிய துளையுள்ள ஸ்பாஞ்ச் கட்டிகள், அதற்கடுத்து காற்றுக்குமிழியில் உருளும் கே1 பிளாஸ்டிக் மீடியா, கடைசியில் பம்பும் ஹீட்டரும். கே1 உருண்டு உருண்டு தன்னைத்தானே தேய்த்துக்கொள்வதால் நான் கை வைப்பதே இல்லை. ஸ்பாஞ்ச் கட்டிகளை மட்டும் எப்போதாவது, அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் பாக்டீரியா சாகும்.

முதல் அறைக்கு ஆரம்பத்தில் ஃபில்டர் சாக்ஸ், அதாவது 200 மைக்ரான் பைகள், மாட்டினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது உண்மைதான். ஆனால் ஆஸ்கர் இருக்கும் தொட்டியில் அவை சில நாட்களிலேயே அடைத்துக்கொண்டு மேலே வழிந்தன. துவைத்துக் காயப்போடுவது தனி வேலை. தட்டில் வைத்த ஸ்பாஞ்ச் அவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்காது, ஆனால் இரண்டு நிமிடத்தில் எடுத்துப் பிழிந்துவிடலாம். எனக்கு அது போதும்.

பம்பு வாங்கும்போது பெட்டியில் போட்ட எண்ணை நம்பவேண்டாம். அது பூஜ்ய உயரத்தில் கிடைக்கும் ஓட்டம். சம்பிலிருந்து தொட்டி விளிம்புவரை ஒன்றரை மீட்டர் ஏற்றி, வழியில் இரண்டு முழங்கை வளைவுகளும் வைத்தால் கணிசமாகக் குறையும். தொட்டி அளவைப் போல மணிக்கு ஐந்து மடங்கு, அதாவது 3,400 லிட்டர் என் இலக்கு. அந்த உயரத்தில் எவ்வளவு தரும் என்று பம்புடன் வரும் வரைபடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை, சம்ப் செய்யக் கொடுக்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். என் தொட்டியின் மேற்பரப்பு 180க்கு 60 சென்டிமீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 10.8 லிட்டர். தண்ணீர் திரும்பி வரும் குழாயின் வாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், பம்பு நின்றதும் சைஃபன் ஆகி, அதாவது குழாய் தானாகவே தண்ணீரைக் கீழே இழுத்து, 54 லிட்டர் இறங்கும். குழாயிலும், தொட்டித் தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருக்கும் தண்ணீர் தனி. சைஃபனை உடைக்கச் சிறு துளை போடுவார்கள். அதில் பாசி அடைத்துக்கொள்ளும், நத்தை போய் உட்காரும். குழாய் வாயை மேற்பரப்புக்குச் சற்றே கீழே வைப்பதும், சம்பில் அத்தனை தண்ணீருக்கும் காலியிடம் விடுவதும்தான் நம்பகமான வழி.

கீழே இறங்கும் குழாய் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று முழுக்க நிரம்பி சைஃபனாக ஓடுவது. அதன் ஓட்டத்தை கேட் வால்வில் கட்டுப்படுத்தினால் சத்தமே வராது. பால் வால்வில் அந்த நுணுக்கம் கிடைக்காது. இன்னொன்று சும்மா நிற்கும், முதல் குழாயில் ஏதாவது அடைத்தால் காப்பாற்றுவதற்கு. இரண்டாவதைச் செலவு என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

சம்ப் எவ்வளவு பெரிதானாலும், கழிவு அதுவரை வந்து சேர்ந்தால்தானே? ஆறடி நீளத்தில் ஓவர்ஃப்ளோவுக்கு எதிர்மூலை எப்போதும் தேங்கும். ஒரு சின்ன வேவ்மேக்கரை (தண்ணீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் மோட்டார்) அங்கே வைத்துத் தரையோரமாகத் தள்ளிவிட்ட பிறகு, மணலில் படியும் குப்பை பாதிக்கு மேல் குறைந்தது. நான் சேர்த்த கருவிகளிலேயே அதிகம் மாற்றத்தைக் காட்டியது இதுதான்.

இவ்வளவு செய்தாலும் நைட்ரேட் ஏறத்தான் செய்யும். அதை இந்த ஃபில்டர் வெளியேற்றாது. வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன், முதல் அறையில் மணி பிளான்ட் வேரை விட்டிருக்கிறேன். இன்னொன்று, அம்மோனியாவை மாற்றும் வேலையில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மையும் (கேஎச்) குறைந்துகொண்டே போகும். நிறைய மீன் உள்ள தொட்டியில் அதை அளக்காமல் விட்டால் ஒருநாள் பிஎச் சரியும், பாக்டீரியாவும் மந்தமாகும். நைட்ரேட் சோதனையோடு கேஎச் சோதனையும் சேர்த்தே செய்கிறேன்.

கார்பன், அதாவது உறிஞ்சும் கரி, வைப்பது மருந்து போட்ட பிறகு அதை உறிஞ்சி எடுக்கவும் மரக்கட்டையின் பழுப்பை எடுக்கவும் மட்டும். யுவி விளக்கு பச்சைத் தண்ணீருக்கு நல்லது, அம்மோனியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குறைகளும் உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது அந்த இழப்பு முழுக்க பம்பு அறையில்தான் தெரியும். நிரப்ப மறந்தால் பம்பு காற்றை இழுக்கும், மிதவை வால்வு வைத்த பிறகுதான் அந்தக் கவலை விட்டது. கேபினெட்டுக்குள் ஈரம் தங்கி மரம் ஊதும், அதனால் சம்புக்கு மூடி அவசியம். கே1 அறையின் குமிழிச் சத்தம் ராத்திரியில் கேட்கத்தான் செய்கிறது.

இன்னொரு தொட்டி போட்டால் இதே அமைப்பைத்தான் வைப்பேன், கேபினெட்டை மட்டும் அரையடி உயர்த்துவேன். இப்போது ஸ்பாஞ்ச் தட்டை வெளியே எடுக்கும்போது மேல் சட்டத்தில் இடிக்கிறது, சாய்த்தால் பாதி அழுக்கு மறுபடியும் சம்பிலேயே கொட்டுகிறது.