மேக்னட்டாம் டெர்ரா 7 டெஸ்லா: காந்தம் முன்னே ஓடுகிறது, கிரேடியன்ட் பின்தங்குகிறது

சீமென்ஸின் மேக்னட்டாம் டெர்ரா என்ற எம்ஆர்ஐ ஸ்கேனரை மூளைச் செயல்பாட்டு ஆய்வுக்கு வாங்கலாமா, அல்லது ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டால் போதுமா என்று யோசிப்பவர்களுக்கான மதிப்பீடு இது. நோயாளிகளுக்குப் பயன்படுத்த அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த முதல் 7 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவி இதுதான். அனுமதி வந்தது 2017 அக்டோபரில். மருத்துவம், ஆய்வு என இரண்டு நிலைகளில் ஓடும், இரண்டின் தரவும் தனித்தனியே சேமிக்கப்படும். இங்கே பேசப்போவது ஆய்வு நிலையில் எடுக்கும் மூளைச் செயல்பாட்டுப் படமான எஃப்எம்ஆர்ஐ பற்றி மட்டும்.

காந்தத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. முந்தைய தலைமுறை 7 டெஸ்லா கருவிகள் பலவற்றுக்கு அறையைச் சுற்றி நூற்றுக்கணக்கான டன் இரும்பு அடுக்க வேண்டியிருந்தது. டெர்ராவின் காந்தம் தன் புறப்புலத்தைத் தானே அடக்கிக்கொள்வதால் அந்தச் செலவு இல்லை. சிக்னலும் தாராளம். படத்தின் மிகச் சிறு கனசதுரத்துக்கு வோக்ஸல் என்று பெயர். 3 மில்லிமீட்டர் வோக்ஸலின் கனஅளவு 27 கன மில்லிமீட்டர், 0.8 மில்லிமீட்டர் வோக்ஸலுக்கு அரை கன மில்லிமீட்டர்தான், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் துளியிலிருந்தும் செயல்பாட்டுச் சிக்னலைப் பிரித்தெடுக்க முடிகிறது. பெருமூளைப் புறணியின் சராசரித் தடிமன் சுமார் 2.5 மில்லிமீட்டர் என்பதால், அதற்குள் மூன்று வோக்ஸல்கள் அடங்கும். மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு என்று பிரித்துப் பேசும் தகுதி அங்கேதான் தொடங்குகிறது.

சிக்கல் கிரேடியன்டில், அதாவது சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று குறிக்கக் காந்தப்புலத்தை இடத்துக்கிடம் மாற்றும் சுருள்களில். டெர்ராவில் இருப்பது மீட்டருக்கு 80 மில்லிடெஸ்லா, அந்த வலிமையை எட்டும் ஏற்ற வேகம் நொடிக்கு மீட்டருக்கு 200 டெஸ்லா. இதே நிறுவனத்தின் 3 டெஸ்லா பிரிஸ்மாவிலும் இதே எண்கள்தான். அதாவது படத்தைப் படித்தெடுக்கும் வேகம் கூடவில்லை; சிக்னல் மறையும் வேகம் மட்டும் கூடிவிட்டது. சிக்னல் மறையும் கால அளவான டி2 ஸ்டார், புறணியில் 7 டெஸ்லாவில் 33 மில்லிசெகண்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். படப்பரப்பு 192 மில்லிமீட்டர், வோக்ஸல் 0.8 என்றால் படத்தைக் கட்ட 240 தரவு வரிகள் வேண்டும். மூன்றில் ஒரு வரியை மட்டும் படித்து மீதியைக் கணக்கிட்டு நிரப்பும் கிராப்பா 3, வரிகளில் முக்கால் பங்கை மட்டும் படிக்கும் பார்ஷியல் ஃபூரியே 6/8 வைத்தால் படிக்க வேண்டியது 60 வரிகள். வேகமாக மாறும் புலம் உடலின் நரம்புகளைத் தூண்டிவிடாதபடி வைத்த நரம்புத் தூண்டல் வரம்பையும் மதித்து ஓட்டினால் எக்கோ இடைவெளி, அதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைப்பட்ட நேரம், ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் வரும். ஆக மொத்தம் 60 மில்லிசெகண்ட். டி2 ஸ்டாரைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. கடைசி வரிகளைப் படிக்கும்போது சிக்னல் பெரும்பாலும் செத்துவிட்டிருக்கும், வரிகள் அடுக்கும் திசையில் படம் மங்கும். கோப்பில் 0.8 என்று எழுதியிருக்கும், உண்மையில் கிடைப்பது அதைவிடப் பருமன். பார்ஷியல் ஃபூரியேவைக் கைவிடவும் வழியில்லை. அது இல்லாமல் மைய வரிக்கு வரவே 40 மில்லிசெகண்ட் ஆகும், நமக்கு வேண்டிய எக்கோ நேரமோ (ரேடியோ துடிப்பிலிருந்து மைய வரி வரையான நேரம்) 25 மில்லிசெகண்ட் அளவு.

படத்தில் இடங்கள் தள்ளிப்போகும் திரிபும் இதே கணக்கில்தான் வருகிறது. கிராப்பா 3-இல் வரிக்கு வரி பலன்தரும் இடைவெளி மூன்றில் ஒரு மில்லிசெகண்ட். 240 வரிக்கு 80 மில்லிசெகண்ட். காதுக் குழிக்கு மேலே காந்தப்புலம் வெறும் 50 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால் போதும், 4 வோக்ஸல் தள்ளிப்போகும். 3.2 மில்லிமீட்டர்! புறணியின் முழுத் தடிமனையும் தாண்டிய நகர்வு இது. அதைத் திருத்தாமல் அடுக்குகளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. திருத்துவதற்காக ஒவ்வொரு ரன்னுக்கும் (தொடர்ச்சியான ஒரு பதிவுக்கும்) வரிகளை எதிர்த்திசையில் அடுக்கி ஐந்து வால்யூம்களாவது (முப்பரிமாணப் படங்களாவது) எடுத்து வையுங்கள், தொடக்கத்தில் எடுத்ததையே கடைசிவரை நம்பாதீர்கள். முழு மூளை வேண்டாம் என்றால் படப்பரப்பை 128 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். 160 வரி, அதே அமைப்பில் 40 மில்லிசெகண்டில் முடிந்துவிடும்.

இது காந்தத்தின் குற்றம் இல்லை என்பதற்குச் சான்று அமெரிக்காவின் பெர்க்லியில் இருக்கிறது. 2023-இல் வெளியான நெக்ஸ்ஜென் 7டி ஸ்கேனர், இதே காந்தப்புல வலிமையில், தலைக்கு மட்டுமான கிரேடியன்ட் காயிலை (சுருளை) வைத்து மீட்டருக்கு 200 மில்லிடெஸ்லா, ஏற்ற வேகம் 900 என்று போனது. அரை மில்லிமீட்டருக்கும் கீழே செயல்பாட்டுப் படம் எடுத்தார்கள். தலை காயில் என்பதால் மாறும் புலம் உடற்பகுதியை அதிகம் எட்டுவதில்லை, நரம்புத் தூண்டல் வரம்பும் தள்ளிப்போகிறது.

அடுத்த குறை, புரோட்டான்களைத் தூண்ட அனுப்பும் ரேடியோ அலையில். 7 டெஸ்லாவில் புரோட்டானின் அதிர்வெண் சுமார் 298 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் மூளைத் திசுவுக்குள் 13 சென்டிமீட்டர் அளவே, தலையின் நீளத்தைவிடச் சிறியது. அலைகள் ஒன்றோடொன்று மோதி மூளையின் நடுப்பகுதி பளிச்சென்றும், பொட்டு மடலும் சிறுமூளையும் இருண்டும் தெரியும். சிறுமூளை ஆய்வுக்காக இதை வாங்குபவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். எளிய வைத்தியம், கால்சியம் டைட்டனேட்டைக் கனநீரில் குழைத்து அடைத்த பட்டைகளைக் காதோரம் வைப்பது. கனநீர் என்பதால் பட்டை படத்தில் தெரியாது. ஆனால் 32 சேனல் தலை காயிலுக்குள் இடம் ஏற்கெனவே நெருக்கம். பெரிய தலைக்காரருக்குப் பட்டை நுழையாது. எட்டு சேனல்கள் வழியே தனித்தனி ரேடியோ அலைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் இணை அலைபரப்பு இதைவிட நல்ல தீர்வு. ஒவ்வொருவருக்கும் புல வரைபடம் எடுக்க நேரமில்லை என்றால், முன்கூட்டியே பலர் தலைக்குப் பொருந்தக் கணக்கிட்ட பொதுத் துடிப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த ஸ்கேனரும் தீர்த்துவைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இரத்த ஆக்சிஜன் மாற்றத்தைக் காட்டும் சாதாரண போல்ட் சிக்னல் புறணியின் மேற்பரப்பை நோக்கிப் போகப்போக ஏறும். நரம்புச் செயல்பாடு அங்கே அதிகம் என்பதால் அல்ல. அடியிலிருந்து வரும் இரத்தத்தை வடிக்கும் சிரைகள் அங்கே கூடுவதால். 2017-இல் ஆய்வாளர் ஹூபரின் குழு விரல் தட்டும் சோதனையில் இதைத் தெளிவாகக் காட்டியது. போல்ட்டில் மேற்பரப்பை நோக்கி ஒரே ஏற்றம். இரத்தக் கனஅளவை அளக்கும் வாசோவில் இரண்டு மேடுகள், மேல் அடுக்கில் ஒன்று, அடி அடுக்கில் ஒன்று. அடுக்கு ஆய்வுதான் நோக்கம் என்றால் வாசோ சீக்வென்ஸ் கிடைக்குமா என்று முதல் நாளே கேளுங்கள். அதன் உணர்திறன் போல்ட்டைவிடக் குறைவு, பல ரன்களைச் சராசரி எடுக்க வேண்டிவரும். ஸ்கேன் மணிநேரத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள்.

படுப்பவரின் வசதி சுமார்தான். மேசையை மெதுவாக உள்ளே தள்ளினால் தலைசுற்றல் குறையும். 3 டெஸ்லாவுக்குப் பாதுகாப்பானது என்று சான்று பெற்ற, உடலுக்குள் வைக்கும் உலோகப் பொருத்திகள் பல 7-க்குச் சோதிக்கப்பட்டதில்லை. ஆள் சேர்க்கும்போதே வடிகட்டுங்கள். விடுபட்ட வரிகளை நிரப்பக் கிராப்பாவுக்குத் தேவைப்படும் குறிப்பு வரிகளை எடுக்கும் அந்தச் சில நொடிகளில் ஆள் அசைந்தால் ரன் முழுக்க இரைச்சல் படியும்; ஒவ்வொரு துண்டின் குறிப்பு வரிகளையும் அடுத்தடுத்து வேகமாக எடுக்கும் ஃப்ளீட் முறையில் எடுத்தால் இந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது.

முழு மூளையை 2 மில்லிமீட்டரில் பார்ப்பவர்களுக்கு பிரிஸ்மா போதும், இந்தப் பணம் வீண். மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கிய ஹ்யூமன் கனெக்டோம் திட்டம் 3 டெஸ்லாவில் 2 மில்லிமீட்டர், 7 டெஸ்லாவில் 1.6 என்று எடுத்தது. அந்த இடைவெளிக்காக மட்டும் டெர்ரா தேவையில்லை. பார்வைப் புறணியிலோ இயக்கப் புறணியிலோ சின்னப் பகுதியை 0.8-இல் பார்ப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். முதல் ரன்னுக்கு முன் கன்சோலில் ஃபேஸ் படங்களையும் (சிக்னலின் வலிமையை அல்ல, கட்டத்தைக் காட்டுபவை) சேமிக்கச் சொல்லி, ரன்னின் கடைசியில் ரேடியோ துடிப்பு இல்லாத இரைச்சல் வால்யூம்கள் சிலவற்றையும் சேர்த்துவிடுங்கள். நார்டிக் இரைச்சல் நீக்கம் இவற்றை வைத்துத்தான் நன்றாக வேலை செய்யும். சேமிக்காமல் விட்ட ஃபேஸைப் பிறகு எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.