புதுக் கார், சின்ன ஒடுக்கு: உள்ளிருந்து எடுப்பதா, பட்டி போடுவதா, அப்படியே விடுவதா?

கும்பகோணத்தில் முகூர்த்த நாளன்று மண்டப வாசலிலோ, திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்திலோ புதுக் காரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், கதவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு பள்ளம். பக்கத்து வண்டிக் கதவின் முனை, டூ-வீலரின் பிரேக் லீவர், யாரோ நகர்த்திச் சாய்த்த சைக்கிள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயிறு எரியும். அந்த எரிச்சலோடு மறுநாள் காலையிலேயே டிங்கர் கடைக்குப் போய்விடாதீர்கள். புது வண்டியைப் பொறுத்தவரை ஒடுக்கு எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது கேள்வி. பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கீழே வரும் வழிகளில் எது சரி, எது வேண்டாம் என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்துவிடும்.

முதலில் பெயிண்டைப் பாருங்கள்

வண்டியைக் கழுவித் துடைத்து, டியூப் லைட் வெளிச்சம் கதவில் நீளக் கோடாக விழும்படி நிறுத்துங்கள். தலையை மெல்ல அசைத்தால் ஒடுக்கு இருக்கும் இடத்தில் அந்த வெள்ளைக் கோடு வளையும். வளைவு வழவழவென்று இருந்தால் தகடு மட்டும் உள்வாங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்து செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, பள்ளத்தின் அடியிலும் விளிம்பிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினாலோ, முடி போல விரிசல் தெரிந்தாலோ பெயிண்ட் உடைந்துவிட்டது. வேற்று நிறத்தில் கோடு தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். பல நேரம் அது இடித்த வண்டியின் பெயிண்ட் நம் வண்டியின் கிளியர் கோட் (மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு) மேல் ஒட்டிக்கொண்டிருப்பது. ரப்பிங் காம்பவுண்டை மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை? கம்பெனி பெயிண்டின் மொத்தக் கனமே ஏறத்தாழ 90 முதல் 130 மைக்ரான்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் நான்கு அடுக்குகள். வெறும் கூட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கும் ஈ-கோட் அடியில், அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாகக் கிளியர் கோட். முக்கி எடுப்பதால் ஈ-கோட் கதவின் உள்பக்கத்திலும் இண்டு இடுக்குகளிலும் ஏறிவிடுகிறது. துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஒயரிங்கும் ரப்பரும் பூட்டுவதற்கு முன்பே மேல் பூச்சுகளைச் சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டுவிடுகிறார்கள். எல்லாம் பூட்டிய வண்டியை எந்தப் பட்டறையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நல்ல பெயிண்ட் பூத்திலும் 60 டிகிரியில் அரை மணி நேரம், அவ்வளவுதான். ஆகவே ஒரு முறை கம்பெனி பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டால் அதே பூச்சு திரும்பக் கிடைக்காது. பழைய கார் வாங்குகிறவர்கள் கனமானி வைத்துப் பார்க்கும் காலம் இது. 110 காட்டும் பேனல்களுக்கு நடுவே ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் ரீ-பெயிண்ட் என்றும், 600, 800 என்று ஏறினால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறதென்றும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயிண்ட் எடுக்காமல் ஒடுக்கெடுப்பது

பெயிண்ட் உடையவில்லை என்றால் முதலிடம் இதற்குத்தான். பெயிண்ட்லெஸ் டென்ட் ரிப்பேர், சுருக்கமாக பி.டி.ஆர். என்பார்கள். பெயர் புதிதே தவிர வித்தை நமக்குத் தெரிந்ததுதான். பித்தளைக் குடத்தில் ஒடுக்கு எடுக்கிறவர் உள்ளே கம்பியைக் கொடுத்து வெளிப்பக்கமாக எழுப்புவாரே, அதே வேலை. குடத்துக்குப் பூச்சு கிடையாது. இங்கே பூச்சு உடையாமல் அதைச் செய்ய வேண்டும்.

கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவின் இடுக்கு வழியாகவோ உள் ட்ரிம்மைக் கழற்றியோ வளைந்த எஃகுக் கம்பியை உள்ளே விடுகிறார்கள். வெளியே கோடு கோடாக ஒளிரும் எல்.இ.டி. பலகை ஒன்றை நிறுத்தி, அதன் பிம்பம் கதவில் எப்படி வளைகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே கம்பி நுனியால் உள்ளிருந்து தள்ளுகிறார்கள். ஒரே தள்ளில் எழுப்பினால் கெட்டது. பள்ளத்தைச் சுற்றி ஒரு வளையம் போல மேடு எழும்பியிருக்கும். அந்த மேடுதான் பள்ளத்தைப் பூட்டு போட்டு வைத்திருக்கிறது. நைலான் முனைக் கட்டையால் மேட்டைத் தட்டி இறக்கி, பள்ளத்தைக் கொஞ்சம் தள்ளி, மறுபடி மேட்டைத் தட்டி, இப்படி நூற்றுக்கணக்கான சின்னத் தள்ளல்கள். நல்ல கை என்றால் காசு அளவு ஒடுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் காணாமல் போகும். கை சரியில்லை என்றால் பள்ளம் இருந்த இடத்தில் பரு போலச் சின்னச் சின்ன மேடுகள் நிற்கும். அவற்றை எடுப்பது பள்ளத்தை எடுப்பதைவிடக் கடினம்.

உள்ளே கம்பி போக வழியில்லாத இடத்தில் வெளியிலிருந்து இழுக்கிறார்கள். சூடான பசையில் சின்னப் பிளாஸ்டிக் பிடி ஒன்றை ஒட்டி, ஆறியதும் சுண்டி இழுத்து, பிறகு ஆல்கஹால் தெளித்துப் பசையைக் கழற்றுவது. கம்பெனி பெயிண்ட் இதைத் தாங்கும். ஏற்கெனவே ரீ-பெயிண்ட் ஆன பேனலில் பசையோடு பெயிண்டும் பெயர்ந்து வரக்கூடும். அதனால் ஷோரூமிலோ யார்டிலோ டச்-அப் செய்த பேனலா என்பதை முன்பே கனமானியில் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லா ஒடுக்கும் இதற்கு வசப்படாது. பேனலின் விளிம்பை ஒட்டியது, கதவின் குறுக்கே ஓடும் பாடி லைன் என்ற மடிப்பின் மேல் விழுந்தது, ஆழமாகக் கூராக இறங்கித் தகடே நீண்டுவிட்டது, பானட்டில் உள்சட்டம் ஒட்டியிருக்கும் இடத்தில் விழுந்தது ஆகியவற்றில் முழுமை கிடைப்பது அரிது. கதவுக்குள் மோதலைத் தாங்கும் பீம் ஓடும் உயரத்திலும் கம்பிக்கு இடம் இருக்காது. "தொண்ணூறு பங்கு வரும், ஒரு நிழல் தெரியும்" என்று முன்கூட்டியே சொல்கிறவரை நம்பலாம். இன்னொரு கேள்வியையும் அவசியம் கேளுங்கள்: "துளை போடுவீங்களா?" கம்பி விடுவதற்காகக் கதவு இடுக்கில் துளைத்து ரப்பர் மூடி போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் அந்தத் துளை துருவின் வாசல். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டெல்டாவின் சிறு ஊர்களில் இதற்கென்றே தனி ஆள் கிடைக்கவில்லை என்றால் திருச்சி வரை போவதும் தகும். போகும் முன் டியூப் லைட் பிம்பத்தோடு இரண்டு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினால், வருமா வராதா என்பதைப் போனிலேயே சொல்லிவிடுவார்கள்.

பட்டி டிங்கரிங்

பெயிண்ட் உடைந்து தகடு தெரிகிறது என்றால் மறுபேச்சு இல்லை, இதுதான் வழி. உடையாத பெயிண்டுக்கு இதைச் செய்வதைத்தான் எதிர்க்கிறோம்.

பழைய முறையில் உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே சுத்தியால் தட்டுவார்கள். இப்போது வாஷரையோ ஆணியையோ தகட்டில் ஸ்பாட் வெல்டு வைத்து இழுத்து, பிறகு கிரைண்டர் போடுகிறார்கள். வேகமான வேலைதான். ஆனால் ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் பின்னால் கதவின் உள்பக்க ஈ-கோட் கருகிப்போகிறது. வெளியே பளபளவென்று இருக்கும் கதவு இரண்டு மழைக்காலம் கழித்து உள்ளிருந்து துருப்பிடித்து வருவதன் காரணம் பல நேரம் இதுதான். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் உள்பக்கம் துருத்தடுப்பு மெழுகு ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. கேட்காவிட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

தகடு சமமானதும் எப்பாக்சி பிரைமர், அதன்மேல் ஹார்டனர் கலந்த பாலியெஸ்டர் பட்டி. ஹார்டனர் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்: 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். சீக்கிரம் காய வேண்டும் என்று கூடுதலாகப் பிழிந்தால், பின்னால் அது மேலே கசிந்து வெள்ளை, சில்வர் நிறங்களில் மஞ்சள் திட்டாகத் தெரியும். பட்டியின் கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுகிறதென்றால் டிங்கர் வேலை முடியவில்லை, பட்டியால் மூடப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

நம் ஊரில் வேலை கெடும் இடம் இதற்கு அடுத்ததுதான். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். அதன்மேல் வாட்டர் பேப்பர் போட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது பல ஷெட்டுகளில் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் நிரம்பி, காற்றே ஈரமாக இருக்கும்போது அந்தத் தண்ணீர் வெளியேறாது. மேலே பிரைமரும் பெயிண்டும் பூட்டிவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, சில மாதத்தில் கொப்புளமாக எழும்பும். பட்டியை உலர்ந்த பேப்பரில்தான் தேய்க்க வேண்டும்: முதலில் 80 நம்பர், பிறகு 180, பிறகு 320 (நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைசாகும்). பிரைமர் சர்ஃபேசர் அடித்த பின்புதான் தண்ணீரோடு 800.

பருவமும் பார்க்க வேண்டும். அடைமழையில் வேகத் தின்னர் கலந்து அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பெயிண்ட் மேல் படிந்து பால் படர்ந்தாற்போல் வெளுக்கும். மார்கழிப் பனியிலும் காலை நேரத்தில் இதே தொல்லைதான். தை, மாசியில் வெயில் நன்றாக இருந்தாலும் சம்பா அறுவடை மெஷின் ஓடும் வயலை ஒட்டிய திறந்த ஷெட்டில் அடித்தால் உமித்தூசி முழுவதும் கிளியர் கோட்டில் இறங்கும். பூத் இல்லாத பட்டறை என்றால் பங்குனிக்கு மேல் கொடுப்பது நல்லது. அதுவரை தகடு தெரியும் இடத்தைச் சும்மா விடக்கூடாது. ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் வண்டியின் நிறக் குறியீட்டுக்குப் பொருந்தும் டச்-அப் பெயிண்டைப் பல்குத்தும் குச்சி நுனியால் புள்ளி புள்ளியாக வைத்து அன்றைக்கே மூடிவிடுங்கள். கடலோர ஊர்களில் வெறும் எஃகு ஒரே இரவில் பழுப்பேறும்.

மெட்டாலிக் நிறமென்றால் ஒடுக்கு இருந்த இடத்தில் மட்டும் அடித்து நிறுத்த முடியாது. பக்கத்துப் பேனல் வரை நிறத்தைக் கரைத்துக்கொண்டு போய், அங்கேயும் கிளியர் அடித்தால்தான் வெயிலில் இரண்டு நிறமாகத் தெரியாது. காசளவு ஒடுக்குக்காக இரண்டு பேனலின் கம்பெனி பூச்சைத் தொடுகிறோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்வது

பம்பருக்கு மட்டும் ஆம். பம்பர் பிளாஸ்டிக், சூட்டில் இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணமுள்ளது. கொதித்து இறக்கிய தண்ணீரை உள்வாங்கிய இடத்தில் மெதுவாக ஊற்றி, பின்னாலிருந்து கையுறை போட்ட கையால் தள்ளி, வடிவம் வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். கூர் மடிப்பு விழுந்திருந்தால் முழுதாக வராது. பெயிண்ட் விரிசல் ஏற்கெனவே இருந்தால் இன்னும் பிளக்கும்.

இரும்புத் தகட்டுக்கு வெந்நீரும் ஹேர் டிரையரும் ஐஸும் பயன்படாது. தகடு தன் எல்லையைத் தாண்டி மடிந்துவிட்டது; அந்தச் சூட்டுக்கு அது திரும்பாது. உறிஞ்சும் ரப்பர் கப் அகலமான, ஆழமில்லாத உள்வாங்கலுக்குச் சில நேரம் உதவும். காசளவு ஒடுக்கைவிடக் கப்பே பெரியது என்பதால் அங்கே பிடிமானமே இருக்காது. ஆன்லைனில் விற்கும் பசை இழுவை செட்டில் மேட்டைத் தட்டி இறக்கும் வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விளைவு, நடுவில் ஒரு முளை, சுற்றிலும் பள்ளம்.

தென்னை மட்டையோ தேங்காயோ விழுந்த கூரை தனிக் கதை. உள்ளே ஹெட்லைனரை (கூரையின் உள்பக்க மறைப்பை) கழற்ற வேண்டும், குறுக்குச் சட்டம் தடுக்கும், கூரைத் தகடு மெல்லியது. அதைத் தேர்ந்த பி.டி.ஆர். கையைத் தவிர யாரிடமும் விடாதீர்கள்.

இன்ஷூரன்ஸில் போடலாமா?

பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத) பாலிசி இருக்கிறதே, இலவசம்தானே என்று நினைப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. அது போக நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். முதல் வருடத்தில் போட்டால், மறுபடி 50-ஐத் தொடும் வரை இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தின் 50 சதவீதம். மூன்றாம் வருடத்தில் போட்டால் அதே கூட்டல் 105 சதவீதம். பிரீமியம் மாறாமல் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் வருடக் கிளெய்மின் விலை 6,000, மூன்றாம் வருடக் கிளெய்மின் விலை 12,600, பிடித்தம் தனி. ஒரு பேனல் வேலை 4,000 என்று சொன்னால் கையிலிருந்து கொடுப்பதே லாபம். பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து போன அடிக்குக் கிளெய்மை வைத்திருங்கள். "நாலு ஒடுக்கையும் ஒரே ஆக்சிடென்ட்னு எழுதிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பொய்த் தகவல் என்று தெரிந்தால் முழுக் கிளெய்மும் போய்விடும்.

அப்படியே விடுவது

பெயிண்ட் உடையாத ஒடுக்கால் வண்டிக்கு எந்தக் கேடும் இல்லை. துருப்பிடிக்காது, நாளாக ஆகப் பெரிதாகாது. தினமும் திருவாரூர், மயிலாடுதுறை கடைத்தெருவில் நிற்கும் வண்டி என்றால் இரண்டு மூன்று ஒடுக்கு சேரும் வரை பொறுத்து, பி.டி.ஆர். செய்பவரிடம் ஒரே நாளில் எடுத்துக்கொள்வது காசுக்கும் நல்லது. காத்திருப்பதால் வேலை கடினமாவதும் இல்லை.

எந்த வழியில் போனாலும் வண்டியைத் திரும்ப வாங்கும்போது குனிந்து கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். மழைநீர் வடிய அங்கே இரண்டு மூன்று சின்னத் துவாரங்கள் இருக்கும். தேய்த்த பட்டித் தூளும் பெயிண்டும் அவற்றை அடைத்திருந்தால் ஒரு குச்சியால் அங்கேயே குத்தித் திறந்துவிட்டு, கண்ணாடி ஓரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கீழே சொட்ட வேண்டும்.