படம் வரையச் சொல்பவரா, உள்ளே பேசச் சொல்பவரா, இரண்டும் தெரிந்தவரா?

2021-இல் அப்பா மதுரையில் இறந்தபோது நான் நியூ ஜெர்சியில் இருந்தேன். போக முடியவில்லை. கடைசிச் சடங்கைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். அதன் பிறகு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. கைப்பேசியைத் தலையணைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு விழித்துக் கிடப்பேன். குடும்ப மருத்துவர் மனநலச் சிகிச்சையாளரைப் பார்க்கச் சொன்னார். தேடியபோது மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவர் ஆர்ட் தெரபி, அதாவது வரைவதையும் களிமண் பிசைவதையும் வைத்து மனநோவுக்குச் சிகிச்சை தரும் முறை, படித்தவர். ஒருவர் ஐ.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்' முறையில் பயிற்சி பெற்றவர். மூன்றாமவர் இரண்டையும் கற்றவர். இரண்டு ஆண்டுகளில் மூவரிடமும் போயிருக்கிறேன். சிகிச்சையாளர்கள் தங்களைப் பற்றித் தரும் இப்படிப்பட்ட குறிப்புகளைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐ.எஃப்.எஸ். முறையின் அடிப்படை தமிழருக்குப் புதிதாக இருக்காது. 'ஒரு மனம் போகச் சொல்கிறது, இன்னொரு மனம் வேண்டாம் என்கிறது' என்று நாம் தினமும் சொல்கிறோம். 1980-களில் சிகாகோவில் குடும்பச் சிகிச்சையாளராக இருந்த ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ், அளவுமீறி உண்டுவிட்டு வாந்தியெடுக்கும் நோயால் அவதிப்பட்டவர்களிடம் இதே பேச்சைக் கேட்டார். 'எனக்குள் ஒருத்தி சாப்பிடச் சொல்கிறாள், இன்னொருத்தி திட்டுகிறாள்' என்ற வகையில் அவர்கள் பேசினார்கள். அதை உவமையாக ஒதுக்கிவிடாமல், ஒரு வீட்டு மனிதர்களைப்போலவே இந்த உள் ஆள்களையும் அவர் பார்த்தார். காயம்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், அந்தக் காயம் வெளியே தெரியாதபடி நாள் முழுவதும் நிர்வகிப்பவர்கள், காயம் வெடித்துவிட்டால் எதையாவது செய்து தீயை அணைப்பவர்கள் என மூன்று வகை. இவர்கள் எல்லாருக்கும் அப்பால் நிதானமான 'தான்' ஒன்று உண்டு, அதுதான் இவர்களோடு பேச வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆர்ட் தெரபியின் வயது இதைவிட அதிகம். காசநோயில் கிடந்து தேறிய ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942-இல் அந்தப் பெயரை வைத்தார். அமெரிக்காவில் அதற்கு இரண்டு கிளைகள் உண்டு. மார்கரெட் நாம்பர்க், படத்தை மனத்தின் அடியிலிருந்து வரும் பேச்சாக எடுத்துக்கொண்டார். வரைந்தவரே அதைப் பற்றிப் பேசித் தெளிய வேண்டும் என்றார். வியன்னாவில் பிறந்து 1938-இல் நியூயார்க் வந்த ஈடித் க்ரேமர், வரைகிற செயலே மருந்து என்றார். க்ரேமருக்கு ஓவியம் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் ஃபிரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் முகாமில் குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்த அவர், 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். குழந்தைகளின் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் போனார். இதை அறிந்த பிறகு, ஆர்ட் தெரபியை 'பொழுதுபோக்குக்கு வண்ணம் தீட்டுவது' என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

படிப்பில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நோயாளிகள் கவனிக்காமல் விடுகிறார்கள். அமெரிக்காவில் ஆர்ட் தெரபிஸ்ட் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும். பிறகு மேற்பார்வையின் கீழ் பணிபுரிந்த மணிக்கணக்கைக் காட்டினால் ஏ.டி.ஆர். எனப்படும் ஆர்ட் தெரபிஸ்ட் பதிவு; அதற்கு மேல் தேர்வும் எழுதித் தேறினால் ஏ.டி.ஆர்.-பி.சி. என்ற உயர்சான்று. நியூ ஜெர்சி, நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்கள் தனி உரிமமும் தருகின்றன. ஐ.எஃப்.எஸ். அப்படியல்ல. அதன் பயிற்சிக்கு மூன்று நிலைகள்; முதல் நிலை சில மாதங்களில் முடிந்துவிடும். ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் சிகிச்சையாளர்கள் பலர் சேருகிறார்கள், ஆனால் உரிமம் இல்லாத ஆலோசகர்களும் சேரலாம். ஆகவே குறிப்பில் ஐ.எஃப்.எஸ். மட்டும் இருந்தால், அதற்கு அடியில் என்ன பட்டம், எந்த மாநில உரிமம் என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டும் தெரிந்தவர் என்றாலும் இதே கேள்விதான்: எது அஸ்திவாரம், எது பின்னால் எழுப்பிய மாடி? ஆர்ட் தெரபியில் பட்டம் பெற்றுப் பிறகு ஐ.எஃப்.எஸ். கற்றவரும், ஐ.எஃப்.எஸ். முதல் நிலையை முடித்துவிட்டு மேசையில் வண்ணப் பென்சில் பெட்டி வைத்திருப்பவரும் ஒன்றல்ல.

நான் முதலில் போனது ஐ.எஃப்.எஸ். மட்டும் தெரிந்தவரிடம். கனிவானவர். கண்ணை மூடச் சொல்லி, "அந்த விழிப்பு உடம்பில் எங்கே இருக்கிறது? எப்படித் தெரிகிறது?" என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடினால் இருட்டுதான். அவரை ஏமாற்ற மனமில்லாமல், "ஒரு சுவர்" என்றேன். என்ன உணர்கிறீர்கள் என்றார். உள்ளே இருந்தது ஆற்றாமை. அதற்கு ஆங்கிலத்தில் சொல் தேடி, கிடைக்காமல், 'கோபம்' என்றேன். அன்று முழுவதும் இல்லாத சுவரோடும் இல்லாத கோபத்தோடும் பேசிக்கொண்டிருந்தோம். குறை அவருடையது மட்டுமல்ல. மனக்கண்ணில் படம் எளிதாக வருகிறவர்களுக்கும், தன் நோவைத் தன் மொழியிலேயே சொல்லக்கூடியவர்களுக்கும் அந்த முறை வேகமாகக் கைகொடுக்கும். என் தோழி ஒருத்திக்குக் கொடுத்தது. எனக்கு வழி அடைபட்டது.

ஆர்ட் தெரபிஸ்டிடம் மொழித் தொல்லை முதல் நாளே தீர்ந்தது. களிமண் கொடுத்தார். நாற்பது நிமிடம் பிசைந்தேன், தோள் இறங்கியது. பிலடெல்பியாவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் படைப்பு வேலை செய்த பிறகு ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் குறைந்திருந்தது. என் தோள் அதை நம்பும். ஆனால் மூன்று மாதத்தில் கோப்பில் இருபது படங்கள் சேர்ந்தும், இரவு விழிப்பு போகவில்லை. வரைந்து முடித்த நிம்மதியோடு வீடு திரும்புவேன், பதினொரு மணிக்குக் கைப்பேசி மறுபடி தலையணைக்கு வந்துவிடும்.

ஆய்வுகளைப் பொறுத்தவரை எந்தப் பக்கமும் மார்தட்ட இடமில்லை. பிரிட்டனில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரை வைத்து நடந்து, 2012-இல் வெளியான பெரிய சோதனையில், குழுவாகச் செய்த ஆர்ட் தெரபி வழக்கமான சிகிச்சையைவிடப் பலன் தரவில்லை. பலர் அமர்வுகளுக்கு வரவே இல்லை. ஐ.எஃப்.எஸ். பக்கம் அடிக்கடி காட்டப்படுவது 2013-இல் வெளியான, முடக்குவாதம் என்ற மூட்டுநோய் உள்ள 79 பேரின் சோதனை. வலியிலும் மனச்சோர்விலும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் எண்ணிக்கை சிறியது. இந்த இரண்டையும் கூட்டி, சேர்ந்த முறைக்குச் சான்று என்று காட்டினால் ஏற்கக் கூடாது. அவை தனித்தனி ஆய்வுகள்.

மூன்றாமவர் பட்டம் பெற்றது ஆர்ட் தெரபியில்; ஐ.எஃப்.எஸ். பல ஆண்டு கழித்துக் கற்றது. "தூங்கவிடாதவர் யாரோ, அவரை வரையுங்கள்" என்றார். கண்ணை மூடச் சொல்லவில்லை. ஆயில் பேஸ்டலை எடுத்தேன், கை தானாகப் போனது. சோழவந்தான் பக்கம் எங்கள் தாத்தாவின் தென்னந்தோப்பில் காவல் இருந்த பெரியவர் வந்தார். கயிற்றுக் கட்டில், தலையில் துண்டு, பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. அந்தச் சுடருக்கு மஞ்சளை எவ்வளவு அழுத்தினேன் என்றால், குச்சி இரண்டாக ஒடிந்தது.

'இவர்தான் உங்கள் நிர்வாகி' என்று அவர் பெயர் சூட்டவில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இரண்டு முறைகளும் சேரும்போது உள்ள பெரிய ஆபத்தே இந்தப் பெயர் சூட்டல். படம் தன் வாயைத் திறப்பதற்கு முன்பே, ஐ.எஃப்.எஸ். அகராதி அதற்கு வேடம் கட்டிவிடக்கூடும். நல்ல ஆர்ட் தெரபிஸ்ட், வரைந்தவரை முந்திக்கொண்டு படத்துக்குப் பொருள் சொல்லமாட்டார். அந்தக் கட்டுப்பாடு இவரிடம் இருந்தது. "இந்தத் தாளை அறையில் எங்கே வைக்க விரும்புகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். வாசற்கதவின் ஓரம் சாய்த்து வைத்தேன். "இங்கிருந்து பார்த்தால் அவர்மேல் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

அது ஐ.எஃப்.எஸ். கேள்வி. முதலாமவரும் இதையே கேட்டிருந்தார், அப்போது பதில் வரவில்லை. இப்போது எட்டடி தள்ளி, நான் வரைந்த கிழவர் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. எத்தனை இரவாக விழித்திருக்கிறார்! எந்தச் செய்தியும் எனக்குத் தெரியாமல் வந்துவிடக் கூடாது என்றுதான் இந்தக் காவல் என்று அப்போது புரிந்தது. தமிழில் அழுதேன். எதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆறு வாரம் கழித்து அதே தாளை மறுபடி எடுத்து முன்னால் வைத்தார். கண்ணை மூடிப் பார்த்த சுவர் அடுத்த வாரமே மறந்துபோயிருந்தது. காவல்காரர் அப்படியே இருந்தார், ஒடிந்த மஞ்சளின் துகளோடு. விளக்கைச் சற்றுத் தணித்து வரையலாமா என்று நானே கேட்டேன்.

இதனால் எல்லாரும் இரண்டும் தெரிந்தவரிடமே போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். பேச்சு சரளமாக வந்து, உள்ளே நடக்கும் சண்டை தெளிவாகக் கேட்கிறவருக்குத் தேர்ந்த ஐ.எஃப்.எஸ். சிகிச்சையாளர் போதும். சின்னக் குழந்தைக்கும், பேசவே முடியாத அதிர்ச்சியில் இருப்பவருக்கும் நான் முதலில் ஆர்ட் தெரபிஸ்டைத்தான் சொல்வேன். காயத்தோடு நேரே பேசச் சொல்வது அங்கே அவசரப்படுவதாகும். சொல்லுக்கும் நோவுக்கும் நடுவில் இன்னொரு மொழி குறுக்கிடுகிறவர்களுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு, இரண்டும் தெரிந்தவர்.

முதல் தொலைபேசி உரையாடலில், பட்டத்தையும் உரிமத்தையும் கேட்ட கையோடு இன்னும் இரண்டு கேட்டுவிடுங்கள்: படத்தில் இருப்பதற்கு யார் பெயர் வைப்பார்கள்? வரைந்த படம் யாரிடம் இருக்கும்? என் சிகிச்சையாளர் யோசிக்காமல் பதில் சொன்னார். "பெயர் நீங்கள் வைப்பது, படமும் உங்களுடையது. அலமாரியில் பூட்டி வைத்திருப்பேன். வீட்டுக்கு வேண்டும் என்று தோன்றும் நாளில் கேளுங்கள்."